அப்பாவின் புதன்கிழமைக் கூட்டாளிகள்

கொக்குவில்,
12.09.1993

அன்புள்ள மகள் இராசமலருக்கு,

அம்மா எழுதுகிறேன். கந்தசுவாமியார் காப்பில் நானும் அப்பாவும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறோம். நீயும் மருமகனும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்கவேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிடுகிறேன்.

அப்பாவை லண்டனுக்குக் கூப்பிட்டு வைத்தியம் பார்க்க ஒழுங்கு செய்வதாக எழுதியிருந்தாய், அதற்குப் பதில் சொல்லுமுன் இங்கே நடந்ததைச் சொல்லவேண்டும். நடுக்கம் வந்த நாளிலிருந்து அப்பா படலைக் கதவுக்கு வெளியே போகாததெல்லாம் உனக்குத் தெரியும், வாசல்படியில் கால் நிலத்தோடு ஒட்டிவிடும், நான் கையைப் பிடித்து இழுப்பேன், பிறகு இரண்டு பேருக்கும் கோபம் வரும். மாசி மாதம் ஆசுபத்திரி வாங்கிலே பக்கத்தில் இருந்தவர் பாசையூர்ச் சந்தியோகு அண்ணை, முன்பு கடலுக்குப் போனவர், அவருக்கும் இதே பார்க்கின்சன் வருத்தம். அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கும் கால் சேத்துக்குள்ளை புதையிற மாதிரியோ?" என்று கேட்டார். "ஓம், அப்பிடியேதான்" என்று சொல்லும்போது அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை, பிள்ளை.

அடுத்த கிழமை அவர் மகளின் சைக்கிளில் பின்னுக்கிருந்து வீட்டுக்கே வந்துவிட்டார். "இழுக்காதேங்கோ தங்கச்சி, வள்ளத்திலை நிக்கிற மாதிரி ரண்டு பக்கமும் ஆடட்டும், கால் தன்ரை பாட்டிலை கிளம்பும்" என்றார். இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு மாமரத்தடியில் மெல்ல மெல்ல ஆடினார்கள். இலைகளுக்குள்ளால் விழுந்த வெயில் முற்றமெல்லாம் தண்ணீர்போல மினுங்கியது, வீடே மிதப்பதுபோல் எனக்கு இருந்தது, அந்த ஆட்டத்திலேயே அப்பா அடியெடுத்து வைத்துவிட்டார். இப்போது புதன்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த கமலாவதி ரீச்சர் வீட்டில் கூடுகிறார்கள், ரீச்சரின் புருஷனுக்கும் இதே வருத்தம். குரல் அடைக்காமலிருக்கத் தேவாரமும் அண்ணையின் கடற்பாட்டும் கலந்து பாடுவார்கள், மருந்துக் குளிசை கிடையாத நாட்களில் இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பார். அங்கே பொழுது மெதுவாகத்தான் நகரும், ஒருவரும் ஒருவரையும் கெதியாக வா என்று சொல்வதில்லை.

இணுவிலில் கனகாம்பிகை என்றொரு பெண் நடுக்கம் வந்தபிறகு ஆட்களின் முகத்தில் முழிப்பதேயில்லை என்று கேள்விப்பட்டு, போன கிழமை அப்பா "நான் போறன்" என்றார். நானும் கூடப் போனேன். அவள் சேலைத் தலைப்புக்குள் கையை ஒளித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவளின் மகள் தேத்தண்ணி தந்தாள், அப்பா தூக்கினதும் பாதி வேட்டியில் ஊற்றுப்பட்டது. துடைக்கப் போன என்னைத் தடுத்துவிட்டு, "என்ரை வேட்டி குடிச்சாப்பிறகுதான் எனக்குக் கிடைக்கும், பிள்ளை" என்று சிரித்தார். கனகாம்பிகை அப்பாவையே கனநேரம் பார்த்தாள். பிறகு கையை வெளியே எடுத்து எல்லாருக்கும் தெரிய மடியில் வைத்தாள், அது தன்பாட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. "புதன்கிழமை எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது லண்டன் கதையை எடுத்தேன். "கனகாம்பிகை வாறன் எண்டிட்டா, நான் இல்லாட்டி எப்பிடி?" என்கிறார் அப்பா. ஆகவே மகள், மனம் நோகாதே, இப்போதைக்கு அவர் வரமாட்டார். அங்கே நல்ல வைத்தியம் கிடைக்குமே என்று எனக்கும் ஆசைதான், ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தபிறகு வற்புறுத்த வாய் வரவில்லை.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, வேலை வேலையென்று சாப்பாட்டை விடாதே. முருகன் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும். கொழும்புப் பக்கம் ஆராவது வந்தால் குளிசை கொடுத்துவிட மறந்துவிடாதே, அப்பாவுக்கு மட்டும் என்று அளந்து அனுப்பாதே, இங்கே எல்லாருக்கும் பங்கு வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
ஞானாம்பிகை