ஐந்து ஊருக்கும் ஒரு நகரம்

17.06.2025, செவ்வாய்
இன்று மேலதிகாரிகள் முன்னால் எங்கள் திட்டமிடல் அலுவலகத் தலைவர் பளீல் சேர் என் திட்டத்தைத் தன்னுடையதாக வாசித்தார். இரண்டு வருடம் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பஸ்ஸில் ஏறி இறங்கி, யார் எதற்காக எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு நான் எழுதியது. ஒவ்வோர் ஊரும் தனித்தனியே பட்டினமாக வேண்டியதில்லை. மொத்தச் சந்தை ஓர் ஊரில், பெரிய ஆஸ்பத்திரி இன்னோர் ஊரில், தொழிற்கல்லூரி வேறோர் ஊரில். இடையே பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். ஐந்து ஊரும் சேர்ந்தால் ஒரே நகரம்.

கைதட்டினார்கள். என் பெயர் எங்குமே இல்லை. பிறகு அவரிடமே கேட்டேன்.

"ஒபிஸ் வேலதானே நப்லா. இதில உங்கட, எங்கட எண்டு என்ன இரிக்கு?"

சிரித்தார்.

19.06
சோறு இறங்கவில்லை. விடமாட்டேன் அந்த ஆளை.

03.07
முறைப்பாடு எழுதிக் கிழித்தேன். மேலே இருப்பவர்கள் எல்லாம் அவருடைய ஆட்கள். ஆனால் இந்தத் திட்டம் எங்கே தட்டினால் உடையும் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வோர் ஊருக்கும் கிடைப்பதை மறைத்து, கிடைக்காததை மட்டும் சொன்னால் போதும்.

05.07, சனி
சாய்ந்தமருதில் என் கூடப்பிறந்த ராத்தா வீடு. அவளுடைய கணவர் றாஸிக் மச்சான் மீன் மொத்த வியாபாரி. அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மொத்தச் சந்தை இங்க வராது மச்சான்."

"அப்ப எங்கட ஊருக்கு என்னதான் தாறாங்க?"

பெரிய ஆஸ்பத்திரி இந்த ஊருக்குத்தான் என்று நான் சொல்லவில்லை. பாதிச் சோற்றில் கையைக் கழுவினார்.

"யார்ர வேல இது?"

"பளீல் சேர்ட வேல."

சொல்லும்போது இனித்தது.

14.07
மருதமுனை நெசவுச் சங்கத் தலைவி ஸாலிஹாவிடம், தொழிற்கல்லூரி உங்களுக்கு இல்லை என்றேன். "அப்ப எங்கள ஏமாத்திட்டாங்களா புள்ள?" என்றார். ஓம் என்றேன். பஸ்ஸில் வரும்போது இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வெட்கமா? இல்லை — பசி.

06.08, புதன்
பொதுமக்கள் கூட்டம். ஐந்து ஊரும் ஐந்து கூட்டமாக நின்று கத்தின. "எங்கட ஊர வித்திட்டான்!" வரைபடத்தை யாரோ சுவரிலிருந்து பிய்த்தார்கள். சேர் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். "நப்லா, நீங்க விளங்கப்படுத்துங்க. உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்."

ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அடங்கியிருப்பார்கள்.

"எனக்கு என்ன தெரியும் சேர்? திட்டம் உங்கடதானே."

அவருடைய முகம்! அது போதும் எனக்கு.

22.09
அவருக்கு இடமாற்றம். வழியனுப்ப நான் போகவில்லை.

13.10, திங்கள்
கூட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. இனி ஊருக்கொரு திட்டமாம். அவருடைய நாற்காலியில் இருந்து நான்தான் வரைகிறேன். ஐந்து சின்னச் சந்தை, ஐந்து பஸ் தரிப்பிடம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள்தொகை போதாது, எந்த ஊரிலும்.

பின்னேரம் ராத்தா போனில் கதைத்தாள். அவளுடைய நெஞ்சுவலிக்கு மட்டக்களப்புக் கிளினிக்கில் பதிந்திருக்கிறார்களாம், மாதம் இரண்டு தடவை. "ஏழு மணிக்கு அங்க நிக்கோணும். எந்த பஸ்ல போற நப்லா? உனக்குத்தான் தெரியும்."

விடியக்காலை நாலரை பஸ் என்றேன். இருக்க இடம் கிடைக்காது என்பதையும் சொன்னேன்.