மாயா சொன்ன மூன்றாவது பொருள்

14 மே 2006, ஞாயிறு. ரொம்சோஸ்.

இன்றும் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் ரஷ்யன் சொல்லிக்கொடுத்தேன். வாத்தியார் இல்லாமல் படித்தவன் என்று மருமகள் ஓல்கா என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும். இந்த வீட்டில் அவளுடைய மொழியை மதித்துப் படித்தவன் நான் ஒருவன்தான்.

'கசா' என்ற சொல்லுக்குப் பின்னல், அரிவாள் என்று இரண்டு பொருள் சொல்லியிருந்தேன். ஆளுக்கொன்று சொன்னால்தான் வடை. சின்னவன் பின்னல் என்றான். மூத்தவள் மாயா அரிவாளை விட்டுவிட்டு, "கடலுக்குள்ளை நீண்டு கிடக்கிற மணல்" என்றாள்.

"அது ஆர் சொன்னது?"

"அம்மா. ரஷ்யாவிலை அம்மம்மா வீட்டடியிலை இருக்கு. பள்ளிக்கூடம் போகேக்கை ஒவ்வொரு நாளும் பாக்கலாமாம்."

"லீவுக்குத்தானே போறியள்? பிறகென்ன பள்ளிக்கூடம்?"

சின்னவன் அவளை முழங்கையால் இடித்தான். "அது ஹெம்மெலி, ரகசியம், அப்பப்பா. அப்பாக்குச் சொல்லாதேங்கோ."

வடையை எடுத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டார்கள்.

மகன் வேலையால் வந்து படுத்துவிட்டான். தாய்க்கும் பிள்ளைகளுக்கும் லீவுக்குப் போக பயணச்சீட்டைச் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். சொன்னால் இந்த வீடு இன்றைக்கே உடையும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள்.

ஓல்கா குளிக்கும் சத்தம் கேட்கிறது. தண்ணீர் நிற்பதற்குள் போய் அவன் கதவைத் தட்ட வேண்டும்.