வாசலின் நடுவில் நின்றவளுக்கு

இன்று காலை வாக்களிக்கப் போனேன். எங்கள் புறநகரான கிரவீனில், பள்ளிக்கூட வாசலில் வெங்காயம் வதங்கும் மணம். தேர்தல் நாள் வழக்கப்படி பெற்றோர் சங்கத்தார் இறைச்சிச் சொசேஜ் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்ற ஒரு தமிழ்ப் பெண், எந்தக் கட்டத்தில் எந்த எண் போடுவது என்று காட்டுகிற நம் கட்சியின் தாளைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். நீ நினைவுக்கு வந்தாய்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள். நான் பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஆசிரியை, நீ ஈப்போவிலிருந்து வந்து அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்சியின் நம் கிளையில் சேலை கட்டியவர்கள் நாம் இருவர் மட்டுமே. என் ஊரில் கலவரம்; தமிழர் வீடுகள் எரிந்திருந்தன. கொழும்பில் எல்லாவற்றையும் இழந்த என் தங்கச்சி, பிள்ளைகளோடு கப்பலேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருந்தாள். அவர்களை இங்கே அழைக்க நான் போட்ட விண்ணப்பம் தலைநகர் கன்பராவில் எங்கோ கிடந்தது; எம்.பி. ஒருவர் கடிதம் எழுதினால் நகரும் என்றார்கள். தபால்காரர் வீட்டைத் தாண்டிப் போன பிறகும் நான் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

அந்த நேரத்தில்தான் நம் தொகுதிக்கு வேட்பாளர் யார் என்று கிளை உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டி வந்தது. போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் வக்கீல்; எந்த நிறத்தவருக்கும் கதவு திறக்க வேண்டும் என்று மேடையிலேயே சொல்பவர். மற்றவர் தொழிற்சங்கக்காரர், எதைச் சொன்னால் எத்தனை வாக்குப் போகும் என்று தெரிந்தவர்.

உன் சமையலறையில் உளுந்து அரைபட்டுக்கொண்டிருக்க, நாம் சண்டை போட்டோம்.

"வக்கீலு நம்மளப் பத்தி வாய் திறந்து பேசுறாரு. மத்தவரு மூச்சு விட மாட்டேங்கிறாரு," என்றாய்.

"வாய் திறந்தால் தோத்துப் போவார். தோத்தவர் எழுதுற கடிதத்தைக் கன்பராவில ஆர் வாசிக்கிறது?"

"இப்பப் பேசாதவரு ஜெயிச்சப்புறம் உனக்காக எழுதுவாருன்னு யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு, அவ்வளவுதான்."

வகுப்பில் பிள்ளைகள் விளையாட்டுக்குத் தலைவனைத் தேர்ந்தெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். நியாயமாக ஆடுகிற பிள்ளையைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். பக்கத்துப் பள்ளியோடு போட்டி என்றால் மட்டும் வேகமாக ஓடுகிறவனைக் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் காட்டினேன். நீ வக்கீலுக்குப் போட்டாய். தொழிற்சங்கக்காரர் தேர்வானார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உன் வீட்டுக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வடையைச் சட்னியில் தோய்த்து ரசித்துச் சாப்பிட்டார். தங்கச்சியின் விஷயத்தைத் தன்னிடம் விட்டுவிடச் சொன்னார். எழும்பும்போது, தேர்தலன்று நாம் வாக்குச்சாவடி வாசலுக்கு வராமலிருந்தால் நல்லது என்றும் சொன்னார். தனக்கு ஒன்றுமில்லையாம், சிலருக்கு இன்னும் பழகவில்லையாம். நான் தலையாட்டினேன். நீ இன்னொரு வடையை அவர் தட்டில் வைத்தாய்.

கார் திரும்பிய பிறகுதான் வாய் திறந்தாய். "நம்ம வடை வேணும், நம்ம மூஞ்சி வேணாமாம்."

தேர்தலன்று நான் வாக்களிக்கப் போனபோது, பள்ளிக்கூட வாசலுக்கு நட்டநடுவே கடுகு நிறச் சேலையில் நின்றாய். கையில் அவருடைய தாள்கள்தான். கிளையில் நீ எதிர்த்து வாக்களித்த அவருக்காகவே நின்றாய். உன்னைப் பார்த்து நாலு பேர் மாற்றிப் போட்டால்? அவர் தோற்றால்?

"உனக்கென்ன, உன்ர ஆக்கள் ஈப்போவில சுகமா இருக்கினம்," என்றேன். "இதில நிண்டு என்ர தங்கச்சியின்ர வாழ்க்கையைக் கெடுக்காதை. வா, போவம்."

உன் முகம் வாடியது. ஆனாலும் நகரவில்லை. "நம்மள ஒளிச்சு வச்சு அவர ஜெயிக்க வச்சா, உன் தங்கச்சி இங்க வந்தும் ஒளிஞ்சுதான் இருக்கணும். பயமா இருந்தா, பயந்துக்கிட்டே நில்லு."

அப்போதுதான் உன் கையைக் கவனித்தேன். தாள்கள் படபடத்துக்கொண்டிருந்தன. காற்று இல்லை.

பாதித் தாள்களை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தொப்பி போட்ட ஒருவர் தாளை வாங்கி, உன்னை மேலும் கீழும் பார்த்து, கீழே போட்டு மிதித்துவிட்டுப் போனார். குனிந்து எடுத்தாய், சேலைத் தலைப்பால் துடைத்தாய், அடுத்தவரிடம் நீட்டினாய். வேட்பாளரின் கார் வந்தது. நம்மைக் கண்டதும் அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. பக்கவாசலால் உள்ளே போய்விட்டார். அன்று தாள் வாங்காமல் போன ஒவ்வொருவரும் தங்கச்சியின் விண்ணப்பத்தின்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவதுபோல இருந்தது எனக்கு.

அன்றிரவு உன் வீட்டு ரேடியோவில் முடிவைக் கேட்டோம். மயிரிழையில் வென்றார். "பாத்தியா, என் சேலையால தோக்கல," என்று சொல்லிவிட்டு அழுதாய்.

அவர் கடிதம் எழுதினார். தங்கச்சி வந்து சேர்ந்தாள். ஆனால் மேடையில் அவர் ஒருநாளும் நம்மைப் பற்றிப் பேசவில்லை. நம்மில் யார் சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தங்கச்சி மட்டும் இங்கே எந்த வாசலிலும் ஒதுங்கி நின்றதில்லை. அதை நீயும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாய்.

இந்த முறையும் கட்சிக்குள் அதே இழுபறிதான். படகில் அடைக்கலம் தேடி வந்தவர்களைப் பற்றி வாய் திறக்காதவரே வெல்வார் என்று அப்படி ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள். கிளையில் நானும் அவருக்குத்தான் போட்டேன். பயம் என்னை விட்டுப் போகவில்லை.

வாக்களித்துவிட்டு வெளியே வந்து அந்தப் பெண்ணிடம், "கொஞ்சம் என்னட்டைத் தாங்கோ பிள்ளை," என்று கை நீட்டினேன்.

"அன்ரி, ஓரமா நில்லுங்க. வெயில்."

"இல்லை," என்றேன். "நீயும் இஞ்சால வா."

இருவரும் நடுவில் போய் நின்றோம். தாள்கள் படபடத்தன. இன்றைக்கும் காற்று இல்லை.