கணேசனின் அக்காவிடம் சொல்லிவிட்டேன்

அன்பு மாரி அண்ணனுக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. கிள்ளான் பிணவறையில் உங்கள் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். கடைத்தெருவில் சாத்தே இறைச்சி சுடும் புகை பட்டால் இன்னும் குமட்டுகிறது. வீட்டில் கேட்டால் வயிறு சரியில்லை என்று சமாளிக்கிறேன். உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா அண்ணே? கடைசிவரை வாய் திறக்கவே இல்லையே.

காப்பாரில் தொழிலாளர் கொட்டகையை வெளியே பூட்டித் தீ வைத்தார்களே, அந்தப் பாவிகள் நன்றாக இருப்பார்களா? ஆறு பேர். முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. நான்கு பேரைப் பல்லையும் பழைய எலும்பு முறிவையும் வைத்துக் கண்டுபிடித்தோம். மகன் செல்வத்தைத் தேடி வந்த அம்மாவிடம் மட்டும், மீதி இரண்டு உடல்களில் ஒன்றில் இருந்த கருகிய தாயத்தைக் காட்டினேன். “என் புள்ளயோடதுதான், கோயில்ல கட்டுனதே நான்தான்” என்று கதறினார்.

“தம்பி, தொறந்து பாரு. உள்ள தகட்டுல பேரு இருக்கும்” என்றீர்கள்.

“தாயத்தத் தொறக்குறதா? சாமி குத்தம்ண்ணே!”

அப்படியே உடலைக் கொடுத்தனுப்பினேன். அங்கே வேலை செய்த எல்லாருக்கும் ஒரே பூசாரிதான் ஒரே மாதிரித் தாயத்துச் செய்து கொடுத்தார் என்று எனக்கு எங்கே தெரியும்?

யாரும் கேட்டு வராத கடைசி உடலின் தாயத்தை நீங்களே திறந்தீர்கள். செல்வம் என்று இருந்தது. அதற்குள் அந்த அம்மா கொண்டுபோன உடல் எரிந்து, சாம்பலும் கடலில் கரைந்துவிட்டது. நான் அழுத அழுகையைப் பார்த்து நீங்கள் அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டீர்கள். செல்வத்தை ஆஸ்பத்திரியே அனாதையாகப் புதைத்தது. என் வேலையைக் காப்பாற்றப் போய் உங்கள் நிம்மதியைத் தொலைத்தீர்கள்.

ஒரு மாதம் கழித்து, அதே கொட்டகையில் வேலை செய்த தன் தம்பி கணேசனைத் தேடிச் செந்தூலிலிருந்து அவன் அக்கா வந்தபோதுதான், செல்வத்தின் அம்மா எரித்தது யாரையென்று புரிந்தது. அப்போதும் தெரியாது என்றேன். இத்தனை வருடம் கழித்துப் போன வாரம் மறுபடி வந்தார்.

“அண்ணே, அவன சிங்கப்பூர்ல பாத்ததா சொல்றாங்க. உயிரோடதான் இருப்பான்லா?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை. சாம்பலை எந்தக் கடலில் கரைத்தார்கள் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காப்பாருக்கும் போனேன். செல்வத்தின் அம்மா என்னை அடித்திருந்தால் தேவலை.

“அப்ப தம்பி, வருஷா வருஷம் யாரு பெத்த புள்ளைக்குப் படையல் போட்டேன்?”

கணேசன் என்றேன், அவன் அக்கா தேடி வந்ததையும் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவன் அக்காவ கூட்டியாங்க. அவனுக்கு என்ன புடிக்கும்னு கேக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் அண்ணே. பிறகு இரண்டு பேரையும் செல்வத்தின் குழிக்கும் கூட்டிப்போவேன். தவறு செய்தது நான் ஒருவன்தான் என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். உங்கள் பெயரில் ஒரு சொல் விழ விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
தேவன்