பட்டி வைத்த பலகை

அம்மாவுக்கு உன் மகன் கும்பிட்டு எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

போன வாரம் இந்த நாட்டுப் பெரியவர் ஒருவர் வீட்டுப் பின்புறம், காற்றாட உட்கார ஆள் உயரத்தில் கட்டிய மரத்தளத்தில் ரிப்பேர் வேலை. ஓட்டையும் விரிசலுமாகக் கிடந்தது. உளுத்த பலகையில் ஸ்க்ரூடிரைவரை வைத்ததுமே கேக்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"பலகையை மாத்தணும்ண்ணே" என்றேன்.

"பட்டிய வச்சு அடைச்சு பெயின்ட அடி. உன் வேலையப் பாரு" என்றார் மேஸ்திரி.

பட்டி மாவைக் குழைத்து அடைத்தேன். என் கண்ணுக்கே ஓட்டை தெரியவில்லை, அவ்வளவு சுத்தம்!

மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். அவர் பாஷை எனக்கு வராதே! அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். வேலையைக் காட்டிப் பெருமைப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. முதுகில் தட்டிக்கொடுத்தார். கைத்தடியை ஊன்றி, நாற்காலியை இழுத்துவந்து, சரியாக அங்கேயே போட்டு உட்கார்ந்தார்.

"வேணாம்யா, எந்திரிங்க!" என்று கத்தினேன். சிரித்தார். கையைப் பிடித்து இழுக்கத் துணிச்சல் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. துவைக்காமல் அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் ஹாரன் அடிக்கிறது. தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. அவர் வீடு வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறேன், அம்மா.

உன் மகன்