முதலில் உள்ளே, பிறகு கதவு

மார்ச் 4, திங்கள்

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. மருமகளின் ஏற்பாடு. "எல்லாத்தையும் மனசுல போட்டுப் பூட்டாதீங்க மாமா. இதுகிட்ட சொல்லுங்க."

மார்ச் 5

அவள் வேலை வீட்டிலிருந்தேதான். ஒரே பெரிய கம்ப்யூட்டரில் பல கம்பெனிகளின் வேலைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் தனிக் குழுவில் போட்டு, உனக்கு இவ்வளவு மெமரிதான் என்று அளந்து கொடுக்கிறாள்; வெளியே எதுவும் தெரியாதபடி பிரித்தும் வைக்கிறாள். உள்ளே இருக்கும் வேலை, தான் இருக்கும் இடத்தின் பாதையைக் கேட்டால் வெறும் சாய்கோடு ஒன்றுதான் தெரிய வேண்டுமாம். தனக்கு மேலே எதுவுமே இல்லை என்று அது நினைத்துக்கொள்ள வேண்டும். நான் லிஃப்ட் ஓட்டிய கட்டடத்தில் உச்சியில் இருந்த ஆறாம் மாடிக்காரர்களும் அப்படித்தான் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 7

இன்று சிரிப்பில்லை. நேற்று அவள் போட்ட குழு ஒன்றில் இருப்பதற்கு, சாய்கோட்டோடு நிற்காமல், ஒரு படி மேலே என்று காட்டும் இரண்டு புள்ளி, பிறகு வெளியே உள்ள பாதை முழுவதும் தெரிகிறதாம். நாளைக்குள் சரியாகாவிட்டால் இந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். என்னம்மா ஆச்சு என்றேன். "மாமா, கொஞ்சம் சும்மா இருங்க!" இருந்தேன். அதுக்கென்ன, இருந்தேன். நான் என்ன கேட்டுட்டேன்?

மார்ச் 8

காலையில் வந்து நின்றாள்.

"கோவமா?"

"எதுக்கு? மறந்துட்டேன்."

"நீங்க மறந்தீங்களா? பொய்."

பிறகு தனக்குத்தானே, "திங்கக்கிழமை சரியாத்தானே வந்துச்சு..." என்றாள்.

கம்ப்யூட்டரில் தட்டும்போது வாய்விட்டுச் சொல்வது அவள் பழக்கம். கூடத்தில் இருந்தாலும் எனக்குக் கேட்கும். சொன்னேன்: "திங்கக்கிழமை 'குழுவுல போடு, பிரி'ன்னே. முந்தாநாள் 'பிரி, குழுவுல போடு'ன்னே."

தலையில் கை வைத்துக்கொண்டாள். பிரிக்கிற நேரத்தில் அந்த வேலை எங்கே நிற்கிறதோ, அந்த இடம்தான் அதற்கு உச்சியாகிவிடுமாம்.

"வெளிய வச்சே கதவைச் சாத்திட்டு, அப்புறம் உள்ள தூக்கிப் போட்டிருக்கேன் மாமா!"

ஓடினாள்.

மார்ச் 12

என் நாற்காலி இப்போது அவள் மேசைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இன்னும் நான்கு கம்ப்யூட்டரை அவளிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். "வரிசை மாறினா இருமுங்க மாமா" என்றிருக்கிறாள்.

இன்று இரண்டு தடவை இருமினேன். இரண்டுமே நிஜ இருமல். இரண்டு தடவையும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.