மாதா வருவதற்குள் மிளகு

ஒக்டோபர் 4, சனி

காலையில் வெயில். இரண்டு மணிக்கு இடி. மிளகு உடனே அலுமாரிக்குக் கீழே. (இனி 'மி.' என்றே எழுதுவேன்.)

மி. வந்து ஆறு நாள். புசல்லாவை அத்தை பஸ்ஸில் கூடையோடு கொண்டு வந்து விட்டார். மூன்று மாத நாய்க்குட்டி. முழுக்கக் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் தனியே கிடந்ததாம். ஊசிகள் போட்டாயிற்று.

மி. பயப்படுபவை, இன்று வரை:
பாண் (ரொட்டி) விற்கும் வண்டியின் இசை
தும்புத்தடி
குடை (விரித்தாலும், மடக்கினாலும்)
அப்பாவின் ஹெல்மெட்
நின்றுகொண்டிருக்கும் எவரும்

மாலையில் மேரி டீச்சர் வந்தார். எங்கள் பகுதிச் செபமாலைக் குழுவை நடத்துபவர் அவர்தான். ஒக்டோபர் முழுக்க மாதா சுரூபம் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். குண்டசாலைக்கு வந்த பிறகு எங்கள் முறை இப்போதுதான் முதல் தடவை. திகதி சொல்லத்தான் வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் மி. வீரிட்டுக் கத்தி, அவருடைய செருப்பின் மேலேயே சிறுநீர் கழித்துவிட்டது.

"பரவால்ல, பரவால்ல, சின்னதுதானே," என்றார் டீச்சர். ஆனால் காலைத் தூக்கியே வைத்திருந்தார்.

அப்பா துடைத்தார். டீச்சர் போன பிறகு என்னிடம்: "பதினெட்டாந் திகதி மாதா வர்றாங்க. முப்பது பேர் வருவாங்க. அன்னைக்கும் இது இப்படித்தான்னா, மறுநாளே கடுகண்ணாவைக்கு அனுப்பிருவேன். குமார் கேட்டுக்கிட்டேதான் இருக்கான்."

கடுகண்ணாவை என்றால் குமார் மாமாவின் டயர் கடை. போன வருடம் செத்துப்போன அவருடைய நாயைச் சங்கிலி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. டயர்க் குவியலைச் சுற்றி மண்ணில் வட்டமாக ஒரு தடம் இருக்கும். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு வட்டம்.

பதினான்கு நாள்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

மந்தாரம். பாடசாலை நூலகத்தில் எடுத்த நாய் வளர்ப்புப் புத்தகம் (ஆங்கிலம், அட்டை கிழிந்தது). நான்காம் அத்தியாயம்: குட்டிகள் சின்ன வயதிலேயே பலவகை மனிதர்களைச் சந்திக்க வேண்டும். கொப்பியில் அட்டவணை போட்டேன். பு.ஆ. = புதிய ஆள். இலக்கு: நாளுக்கு ஐந்து பு.ஆ.

பூசை முடிந்து வந்ததும் மி.யைக் கூடையில் வைத்துச் சந்திக்குக் கொண்டு போனேன்.

பஸ் தரிப்பிடத்தில் ஒரு அம்மா: "அனே பவ்!" ஐயோ பாவம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே கையை நேராகக் கூடைக்குள் விட்டார். அடுத்து இரண்டு அக்காமார். அடுத்து லொத்தர் விற்கிறவர். எல்லாரும் நல்லவர்கள்தான். எல்லாரும் மேலேயிருந்து குனிந்தார்கள். பத்து நிமிடத்தில் பதினொரு பு.ஆ. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். மி. நடுங்கியதை எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்குக் கீழே. இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடாத மழை. கணக்குச் சோதனை 71. மி. இன்னும் அலுமாரிக்குக் கீழேதான். நான் பாடசாலைக்குப் போன பிறகு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போய்விடுவதாக அம்மா சொன்னார். நான் கூப்பிட்டாலும் வருவதில்லை. முன்பு எனக்கு மட்டுமாவது வரும்.

அம்மா: "அஞ்சு பேர், பத்து பேருன்னு நீ என்ன வாக்கா சேர்க்கிற?"

அறையில் பூட்டி வைத்துப் பழக்கலாமா என்று பார்த்தோம். ஐந்து நிமிடம். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. வீட்டில் இருப்பதே இரண்டு அறையும் முன் மண்டபமும்.

அட்டவணைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

ஒக்டோபர் 8, புதன்

நான்காம் அத்தியாயத்தை மறுபடி வாசித்தேன். அடுத்த பக்கத்தை ஞாயிறன்று நான் புரட்டவே இல்லை. அதில் இருப்பது:
அதன் கண்ணைப் பார்க்காதே.
முகத்தைத் திருப்பி, பக்கவாட்டில் இரு.
உயரத்தைக் குறை.
கை நீட்டாதே. அதுவாக வரட்டும்.
சாப்பிட முடியாத அளவு பயந்தால் நீ மிகக் கிட்டப் போய்விட்டாய்.

ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம்.

ஒக்டோபர் 11, சனி

காலையில் பனி, பிறகு நல்ல வெயில். என் வகுப்பு ரிஸ்னா விஞ்ஞானக் கொப்பி வாங்க வந்தாள். அவளுடைய வாப்பா கீழே ஆட்டோவில். கொப்பியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அவள் கதவருகிலேயே நின்றாள். "எனக்கு நாயைத் தொட ஏலாடி. தொட்டா உடுப்பெல்லாம் மாத்தோணும். பொறகு வாப்பா ஏசுவாங்க."

"தொட வேணாம். அதைப் பாக்கவும் வேணாம். அந்தக் கதிரையில திரும்பி உக்காரு."

அவள் யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கையைக் கட்டி, பாவாடையை இழுத்துச் செருகி, சிலை மாதிரி. நான் மேசை, புத்தகப்பை, கட்டில் எல்லாம் தேடினேன். (கொப்பி சமையலறையில், அரிசி வாளியின் மேல்.) திரும்பி வந்தால் மி. அலுமாரியை விட்டு வெளியே! கழுத்தை நீட்டி, கால்களைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, அவளுடைய கதிரையை மோப்பம் பிடித்துக்கொண்டு. இடையில் இரண்டடி.

"வருதா? வருதா? சொல்லுடி!"

"பேசாம இரு. நீதான் அதுக்கு முதல் ஃபிரெண்ட்."

"வாணாம்டி, எனக்கு இருக்கிற ஃபிரெண்ட்மாரே கூட!"

அவள் எழுந்ததும் மி. ஓடிவிட்டது. ஆனாலும் இரண்டடி. பதினொரு பேர் கூடைக்குள் கை விட்டுச் செய்யாததை, தொட மாட்டேன் என்றவள் செய்தாள்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வீடு கூட்டும் தும்புத்தடியைத் தரையில் கிடத்தி, அதைச் சுற்றிக் கருவாட்டுத் துண்டுகள். மூன்றாம் நாளில் மி. தும்புத்தடியைத் தாண்டிப் போனது. ஹெல்மெட்டுக்குள் இரண்டு துண்டு போட்டேன். தின்றது. காலையில் ஹெல்மெட்டைப் போட்ட அப்பா: "என்ன இது கருவாட்டு வாசம்?" நான் பல் துலக்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

பட்டியலில் அடித்தவை: தும்புத்தடி, ஹெல்மெட். மிச்சம்: குடை, பாண் வண்டி, மனிதர்கள்.

மனிதர்கள்தான் வரப்போகிறார்கள்.

ஒக்டோபர் 17, வெள்ளி

பின்னேரம் இடி. அம்மா கடலை ஊறவைத்தார். கதிரைகளைக் கீழ்வீட்டில் கொண்டு போய் வைத்தோம். சுரூபத்துக்கான மேசைக்கு நீல விரிப்பு, தரை வரை தொங்குகிறது.

அப்பா தொலைபேசியில் குமார் மாமாவிடம்: "ஞாயித்துக்கிழமை வேன் இருக்கா? ... சரி, நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்."

நான் சாப்பிடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஒக்டோபர் 18, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு மணிக்குச் சுரூபம் வந்தது. பாட்டு, மெழுகுதிரி, முப்பதுக்கும் மேல் ஆட்கள், முப்பதுக்கும் மேல் குடைகள். மி. என் கையிலிருந்து துள்ளி, அலுமாரிக்குப் போக வழியில்லாமல், நேரே நீல விரிப்புக்குள் புகுந்துவிட்டது. மாதாவுக்கு அடியில். விரிப்பின் ஓரம் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்தது. அவர் வீட்டுக்காரர் என்பதால் எல்லாருக்கும் பின்னால், வாசலோடு. அங்கிருந்தே என்னைப் பார்த்தார்.

மேரி டீச்சர்: "எல்லாரும் முழந்தாளிடுவோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது பேரும் ஒரே நேரத்தில் பாதி உயரம் ஆனார்கள். கண் மூடியிருந்தது. தலை குனிந்திருந்தது. கைகள் கட்டி, ஒருவரும் எதையும் நீட்டவில்லை. ஒரே குரல், ஒரே சொற்கள், திரும்பத் திரும்ப. புத்தகத்தின் அந்த ஒரு பக்கம் முழுவதும் எங்கள் மண்டபத்தில் முழந்தாளிட்டிருந்தது.

செபமாலையின் ஐந்து பத்தில் முதல் பத்து மணிகள்: விரிப்பு நடுங்குவது நின்றது.
இரண்டாவது: மூக்கு.
மூன்றாவது: மி. முழுதாக வெளியே.

நான் செபத்தைத் தவறவிட்டேன், மன்னிக்க வேண்டும். மி. சுவரோரமாகப் போனது. ஒவ்வொருவரின் உள்ளங்காலையும் மோந்தது. ஒரு மாமாவுக்குக் கூச்சம். "மரியே"யில் ஒரு துள்ளல். மேரி டீச்சரின் பாதத்தைக் கொஞ்சம் கூடுதலாக மோந்தது (பழைய ஞாபகம்). பிறகு கடைசி வரிசை. அப்பா. அவருடைய கெண்டைக்காலின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது.

நான்காவது, ஐந்தாவது, மன்றாட்டு எல்லாம் முடிந்தன. பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். அப்பா எழவில்லை. மி. தலையைத் தூக்கி எல்லாரையும் பார்த்தது, அப்பா அசையாததைக் கண்டு மறுபடி தாடையை வைத்தது. கத்தவில்லை. ஈரம் எதுவும் இல்லை. (பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தேன்.)

பிளேன்டீ நேரத்தில் மேரி டீச்சர் அம்மாவிடம்: "அண்ணன் கடைசி வரைக்கும் முழங்கால்ல. இந்தக் காலத்துல யாரு இப்படி?"

அம்மா கடலைத் தட்டை மட்டும் நீட்டினார்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

வெயில். அப்பா நொண்டுகிறார். முழங்காலில் சித்தாலேப தைலம்.

எட்டரைக்குக் குமார் மாமாவின் அழைப்பு. நான் யன்னல் துடைத்துக்கொண்டே கேட்டேன். "வேன் வேணாம் குமார்... இல்ல, அது உன் கடைக்குச் சரிவராது. ரொம்பப் பயந்தது. கள்ளன் வந்தான்னா இதுவும் சேர்ந்து செபம் சொல்லும்... ஆமா... நீ வேற பாரு."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். கண்ணைப் பார்க்கக்கூடாது.

ஒன்பது மணிக்குப் பாண் வண்டி. இசை கேட்டதும் மி. அலுமாரிக்குக் கீழே, வால் உட்பட. பட்டியலில் அது அப்படியே இருக்கிறது.

நான் கருவாடு எடுக்கப் போவதற்குள் அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார், அலுமாரிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு. நொண்டும் காலை நீட்டியபடி.

"அப்பா, பாண் வாங்கணும். வண்டி போயிரும்."

"நீ போய் வாங்கு. எனக்கு இப்ப எந்திரிக்க ஏலாது."